ஜேமர்சன் மாற்றாத கம்பிகள்

டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துப் பாட்டுகளுக்குப் பேஸ், அதாவது கீழ்ச்சுரங்களுக்கான தடித்த கம்பி கிட்டார், வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆயுசு முழுக்க ஒரே பேஸ் கிட்டாரைத்தான் வாசித்தாரா, கம்பியே மாற்ற மாட்டாராமே, ஒற்றை விரலால்தான் வாசிப்பாராமே என்று. கூடவே, அதே மாதிரி ஒரு பழைய ஃபெண்டர் நிறுவனத்து பேஸைத் தேடிப்பிடித்து வாங்கினால் அந்த ஒலி உங்களுக்கும் வருமா என்றும்.

ஒரே கிட்டார் என்பது சரியில்லை. ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் குறைந்தது மூன்று அவர் கைக்கு வந்து, மூன்றுமே திருட்டுப் போயின. கம்பி விஷயம் உண்மை. அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். விரல் விஷயமும் உண்மை. வாங்கினால் வருமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜேமர்சன் எலெக்ட்ரிக் பேஸை ஒரு கிட்டாராக நினைத்து வாசித்தவரே இல்லை. தோளில் மாட்டிக்கொள்ள முடிகிற டபுள் பேஸாகத்தான் அதைக் கடைசிவரை நடத்தினார். அவர் கருவிகளைப் பற்றிப் பேசப்படும் விசித்திரங்கள் எல்லாமே, தடித்த கம்பி, உயரமான ஆக்‌ஷன், பஞ்சு, ஒற்றை விரல் என்று அத்தனையும், இந்த ஒரு இடத்திலிருந்து கிளம்புகிறவைதான்.

1936 ஜனவரி 29-ஆம் தேதி தென் கரோலினாவில், சார்ல்ஸ்டனுக்கு அருகிலுள்ள எடிஸ்டோ தீவில் பிறந்தவர். 1954-இல் தாயாரோடு டெட்ராய்ட் நகரத்துக்கு வந்தார். நார்த்வெஸ்டர்ன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதுதான் டபுள் பேஸைத் தொட்டது. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் அந்த மர வாத்தியத்தில் ஃப்ரெட், அதாவது சுரங்களைப் பிரிக்கும் உலோகக் குறுக்குக் கம்பிகள், கிடையாது. கம்பி பலகையிலிருந்து நன்றாக எழும்பி நிற்கும். அழுத்த இடது கையில் பலம் வேண்டும், இழுக்க வலது கையில் பலம் வேண்டும். பதின்ம வயதிலேயே ஒரு ஜெர்மன் டபுள் பேஸ் வாங்கிக்கொண்டு, டெட்ராய்ட் கிளப்புகளில் ஜாஸ் வாசிக்க ஆரம்பித்தார். கையின் பழக்கமும் காதின் பழக்கமும் அங்கேயே அமைந்துவிட்டன.

1959 முதல் பெர்ரி கோர்டியின் மோட்டவுன் நிறுவனத்தில் வாசிக்கத் தொடங்கினார். 2648 வெஸ்ட் கிராண்ட் புலவார்ட் என்ற முகவரியில் இருந்த சாதாரண வீடு ஒன்றுதான் நிறுவனம், பின்பக்கம் ஸ்டுடியோ. கூரையிலிருந்து கேபிள்கள் தொங்கியதால் வாசிப்பவர்கள் அந்த அறைக்கு வைத்த பெயர் ஸ்னேக்பிட், அதாவது பாம்புக் குழி. ஆரம்ப காலத்து மோட்டவுன் பாட்டுகள் சிலவற்றில் நீங்கள் கேட்பது அந்த ஜெர்மன் டபுள் பேஸைத்தான். மேரி வெல்ஸ் பாடிய ‘மை கை’, மார்த்தா அண்ட் த வாண்டெல்லாஸ் பாடிய ‘ஹீட் வேவ்’ இரண்டிலும் அதுதான். எலெக்ட்ரிக் கைக்கு வந்த பிறகும் பழையதை மூலையில் சாத்திவிடவில்லை என்பதற்கு 1964-இல் வந்த ‘மை கை’ சாட்சி.

எலெக்ட்ரிக் வந்த கதை இது. டெட்ராய்ட்டில் ஹொரேஸ் ரூத் என்ற இன்னொரு பேஸ் கலைஞர் இருந்தார், சில்லி என்று கூப்பிடுவார்கள். அவரிடமிருந்து ஜேமர்சனுக்கு வந்தது 1957-ஆம் வருடத்து ஃபெண்டர் பிரிசிஷன். கறுப்பு வண்ணம் மறுபடி பூசியது, உடலைக் கீறாமல் காக்கும் தகடான பிக்கார்டு தங்க நிறத்தில், விரல் அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டு மேப்பிள் மரத்தில். பிளாக் பியூட்டி என்று பெயர் வைத்திருந்தார். அது திருட்டுப் போனது. அடுத்து ஒரு 1962 பிரிசிஷன். அதுவும் போனது. மூன்றாவதாக வந்ததும் 1962 மாடல்தான். கடையில் வந்த மேனிக்கு, எந்த மாற்றமும் செய்யாதது. மூன்று நிற சன்பர்ஸ்ட், ஆமை ஓட்டு நிறத்து பிக்கார்டு, ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் மேலும், கம்பிகள் உடலில் வந்து பொருந்தும் பிரிட்ஜ் மேலும் குரோம் மூடிகள். இதற்குத்தான் ‘ஃபங்க் மெஷின்’ என்று பெயர். ஃபங்க் என்பது தாளத் துள்ளல் மிகுந்த இசை நடை. கழுத்தும் உடலும் சேரும் குதிகால் பகுதியில் ‘ஃபங்க்’ என்று ஆங்கில எழுத்தில் கீறி, நீல மையால் நிரப்பியிருந்தார்.

கவனியுங்கள், அது அன்றைக்கு சாதாரணச் சரக்கு. யாருக்காகவும் தனியாகச் செய்ததில்லை. 1968 வாக்கில் மோட்டவுன் அவருக்கு வாரம் 1,000 டாலர் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பணத்துக்கு அன்றைக்கு எந்த பேஸும் வாங்கலாம், ஒரு அறை நிறைய வாங்கலாம். அவருக்கு அந்த ஆசை வரவில்லை. இன்றைக்கு ஒரு பேஸ் கலைஞரின் வீட்டுச் சுவரில் பதினைந்து கிட்டார் தொங்குவது சகஜம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஜேமர்சனுக்கும் அவர் கருவிக்கும் இருந்த உறவைப் புரிந்துகொள்ள அந்தப் பழக்கம் உதவாது.

இப்போது கம்பிக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

பேஸ் கம்பி என்பது நடுவில் ஒரு எஃகுக் கம்பி, அதன் மேல் இன்னொரு உலோகத்தைச் சுற்றியது. சுற்றுகிற உலோகம் உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட். விரலால் தடவினால் வரிவரியாகத் தெரியும், ஒலி பளபளப்பாக, மணி போல நீளும். தட்டையான நாடா போன்றதைச் சுற்றினால் ஃப்ளாட்வவுண்ட். வழவழவென்று இருக்கும், விரல் நகரும் கீச்சுச் சத்தம் வராது, ஒலி மந்தமாக, ஆனால் திடமாக விழும். ஜேமர்சன் போட்டது லா பெல்லா நிறுவனத்தின் ஃப்ளாட்வவுண்ட். அளவு மெல்லிய கம்பி .052 அங்குலம், தடித்தது .110 அங்குலம். இன்றைக்குப் பொதுவாகக் கடையில் கிடைக்கும் செட் .045-இல் தொடங்கி .105-இல் முடியும். வித்தியாசம் எண்ணில் சின்னதாகத் தெரிகிறது, விரலில் அப்படி இல்லை. மேல் கம்பி இரண்டும் இரும்புக் கடப்பாரையைப் பிடித்த மாதிரி எதிர்க்கும். அழுத்துவதற்கே சுண்டுவிரல் நடுங்கும்.

புதுக் கம்பியில் மேல்சுரங்கள், அதாவது அடிப்படைச் சுரத்தோடு கூடவே ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகள், ஏராளமாகக் கேட்கும். வாசிக்க வாசிக்க வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் தோல்துகளும் சுற்றுகளுக்கிடையே ஏறும், உலோகமும் களைக்கும். முதலில் சாவது அந்த மேல்சுரங்கள். அடிப்படைச் சுரம் மட்டும் மிஞ்சும். பெரும்பாலான கலைஞர்கள் ‘கம்பி செத்துவிட்டது’ என்று கழற்றி எறிவது இந்தக் கட்டத்தில்தான். ஜேமர்சனுக்கு வேலையே இங்கிருந்துதான் தொடங்கும். ‘அழுக்குத்தான் ஃபங்க்கைக் காப்பாற்றுகிறது’ என்ற பொருளில் அவர் சொன்னது இன்றும் பேஸ் வாசிப்பவர்கள் நடுவே உலவுகிறது. அதை ஒரு வேடிக்கைப் பேச்சாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் காதில் இருந்தது குடல்நரம்புக் கம்பி பூட்டிய மர வாத்தியத்தின் ஒலி மரபு. அதில் பளபளப்பு கிடையாது. பிறக்கும்போது ஒரு தம் என்ற அடி, பிறகு ஒரு உருண்டையான சுரம், உடனே அடங்கல். உலோகக் கம்பி பூட்டிய எலெக்ட்ரிக் பேஸிலிருந்து அதை எடுக்க வேண்டுமானால், பளபளப்பு சாகும்வரை காத்திருக்க வேண்டும். அவர் காத்திருந்தார், அவ்வளவுதான்.

பிரிட்ஜின் குரோம் மூடிக்கு உள்ளே ஒரு பஞ்சுத் துண்டு இருந்தது. அது கம்பியின் மேல் மெல்ல உட்கார்ந்து, சுரம் நீளாமல் அமுக்கிவிடும். இது அவருடைய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. அந்தக் காலத்து ஃபெண்டர் பேஸிலேயே இருந்த ஏற்பாடு. லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தது, தூக்கிச் சுமக்க முடியாத, மேடையில் சரியாகக் கேட்காத டபுள் பேஸுக்கு மாற்றாகத்தான். அந்த ஒலிக்குப் பக்கத்தில் வரவேண்டும் என்ற எண்ணம் கருவியிலேயே இருந்தது. பிறகு வந்தவர்கள் குரோம் மூடியையும் பஞ்சையும் முதல் வேலையாகக் கழற்றிப் போட்டார்கள். ஜேமர்சன் கழற்றவில்லை.

ஆக்‌ஷன் என்று சொல்வது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்ற கணக்கு. தாழ்வாக இருந்தால் வேகமாக வாசிக்கலாம், கை வலிக்காது. ஆனால் ஓங்கி இழுத்தால் கம்பி ஃப்ரெட்டில் மோதிக் கடகடக்கும். உயரமாக இருந்தால் எவ்வளவு ஓங்கி இழுத்தாலும் கம்பிக்கு ஆட இடம் இருக்கும், சுரம் முழுசாக வரும். அவருடைய கிட்டாரில் அது மிக உயரம். நெக், அதாவது கழுத்து, வளைந்துபோயிருக்க வேண்டும், தங்களால் வாசிக்கவே முடியவில்லை என்று எடுத்துப் பார்த்தவர்கள் சொன்னதுண்டு. அந்தக் கருவியை அவர் பராமரித்ததாகவே யாரும் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும். டபுள் பேஸில் வளர்ந்த இடது கைக்கு அந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை. நமக்குக் கஷ்டமான கருவி அவருக்கு சுலபமானது.

வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே. அந்த விரலுக்கே ‘த ஹூக்’ என்று பட்டப்பெயர், கொக்கி என்று அர்த்தம். மூன்றாவது, நான்காவது விரல்களைப் பிக்கப்பின் குரோம் மூடி மேல் ஊன்றிக்கொள்வார். ஆள்காட்டி விரல் கம்பியைக் கொக்கி போல இழுத்து விடும். இதுவும் டபுள் பேஸிலிருந்து வந்த பழக்கம்தான். எலெக்ட்ரிக் பேஸை விரலால் வாசிக்கிற பெரும்பாலோருக்கும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றிப் போடத்தான் இன்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வேகத்துக்கு அதுதான் வழி. ஒற்றை விரலில் என்ன லாபம் என்றால், ஒவ்வொரு சுரத்துக்கும் அதே சதை, அதே கோணம், அதே கனம். அடிகள் ஒன்றுக்கொன்று மாறாது. அழுத்தம் கூட்டுவது, குறைப்பது எல்லாம் வாசிப்பவரின் முடிவாகவே இருக்கும், எந்த விரலுக்கு முறை வந்தது என்பதைப் பொறுத்து இருக்காது. வேகம் தேவைப்படும் இடத்தில் மேல் கம்பியிலிருந்து கீழ்க் கம்பிக்கு அதே விரலை வழித்து இழுத்துவிடுவார்.

இன்னொரு பழக்கம், திறந்த கம்பி. இடது கையால் எதையும் அழுத்தாமல், கம்பியை அப்படியே விட்டு இழுப்பது. அந்தச் சுரம் ஒலிக்கும் கால அளவில் இடது கை ஃப்ரெட்போர்டின் வேறு இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஜாஸ் டபுள் பேஸ் கலைஞர்கள் காலங்காலமாகச் செய்வது. ஜேமர்சன் ஒரு சுரத்திலிருந்து தூரத்திலிருக்கும் இன்னொன்றுக்குத் தாவும்போது நடுவில் ஒரு திறந்த ஈ அல்லது ஏ கம்பி வந்து விழும். சில சமயம் அந்தச் சுரம் ராகத்துக்கு வெளியே இருக்கும். சட்டென்று கடந்து போவதால் உறுத்தாது. நடைக்கு ஒரு தள்ளல் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஃபோர் டாப்ஸ் குழு 1967-இல் பாடிய ‘பெர்னடெட்’டைக் காதில் ஹெட்ஃபோனை வைத்துக் கேளுங்கள். பாடகர் லீவை ஸ்டப்ஸ் மன்றாடிக்கொண்டே இருப்பார், கீழே பேஸ் ஓரிடத்தில் நிற்காது. அரைச்சுரம் அரைச்சுரமாக நழுவி, பாடகர் மூச்சு வாங்கும் இடத்தைத் துருவிப் பிடித்து உள்ளே புகும். அது ஒரு விரலில் வாசித்தது என்று தெரிந்த பிறகு கேட்டால் நம்புவது கஷ்டம்.

எதிர்முனையில் ‘மை கேர்ள்’. டெம்டேஷன்ஸ் குழுவின் பாட்டு, 1964 கடைசியில் வந்தது. முதலில் வருவது பேஸ்தான். மேலே ராபர்ட் வைட்டின் கிட்டார் வந்து சேரும்வரை, கிட்டத்தட்டத் தனியாக நிற்கிறது. அந்தச் சில நொடிகளை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு சுரமும் எப்படிப் பிறக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அடுத்தது வருவதற்கு முன் எப்படி அடங்குகிறது என்று. பழைய ஃப்ளாட்வவுண்ட், பஞ்சு, ஒற்றை விரலின் சதை, மூன்றும் அங்கே திரை இல்லாமல் தெரியும். புதுக் கம்பியில் அதே சுரங்களை வாசித்தால் சுரங்கள் ஒன்றன் வாலை ஒன்று மிதித்துக்கொண்டு நீளும், பாட்டின் அமைதியே போய்விடும்.

ஆம்ப், அதாவது ஒலிபெருக்கி, விஷயம் கொஞ்சம்தான். கிளப்புகளில் ஆம்பெக் பி-15, ஒற்றை 15 அங்குல ஸ்பீக்கர் கொண்டது. பெரிய அரங்குகளில் நீல உறை போட்ட கஸ்டம் ஆம்ப், அதில் 15 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. இரண்டிலும் கீழ் ஒலிக்கான பேஸ் திருகை முழுக்கத் திருப்பி, மேல் ஒலிக்கான ட்ரெபிள் திருகைப் பாதியில் நிறுத்துவார். கிட்டாரிலிருக்கும் வால்யூம், டோன் திருகுகள் முழுசாகத் திறந்தே இருக்கும். ஆனால் நீங்கள் ரேடியோவில் கேட்ட ஜேமர்சனுக்கும் ஆம்புக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. ஸ்டுடியோவில் அவருடைய கிட்டாரும், ராபர்ட் வைட், எட்டி வில்லிஸ், ஜோ மெசீனா ஆகியோரின் கிட்டார்களும் நேராக ஒலிப்பதிவு மேஜைக்குள் போகும். மோட்டவுனுக்கென்றே செய்த மேஜை அது. சிக்னல் லேசாக மிஞ்சிப் போய்க் கரகரக்கும் அளவுக்கு அவர் அதைத் திருப்பி வைத்துக்கொள்வார்.

அந்தக் கரகரப்பை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கோ அது பாதி ரகசியம் என்று தோன்றுகிறது. பேஸின் திறந்த ஈ கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அன்றைக்கு இளைஞர்கள் பாட்டுக் கேட்டது காரின் ஏ.எம். ரேடியோவிலும் கைக்கடக்கமான டிரான்சிஸ்டரிலும். அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு 41 ஹெர்ட்ஸ் என்பது இல்லாத ஒலி. லேசாக மிஞ்சிய சிக்னலில் அந்தச் சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளும் கூடவே பிறக்கும். அவை சின்ன ஸ்பீக்கரில் கேட்கும், கேட்டதும் காது அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். கம்பி மேல்சுரங்களைக் கொன்று வைத்திருந்தது, மேஜை வேறு விதமான மேல்சுரங்களைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் மோட்டவுன் பேஸ் இருட்டாகவும் இருக்கிறது, எந்த ஓட்டை ரேடியோவிலும் கேட்கவும் செய்கிறது. பேஸை மட்டும் தனியாகப் பிரித்த ஒலித்தடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் ஓங்கி இழுக்கும் இடங்களில் ஒலி சற்றுக் கிழிவதை நன்றாகக் கேட்கலாம்.

அவர் வாசித்ததை உலகம் முழுக்கக் கேட்டது. பெயர்தான் யாருக்கும் தெரியாது. மோட்டவுன் இசைத்தட்டு உறைகளில் பல வருடங்கள் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் இல்லை. 1971-இல் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில்தான் பெயர் வந்தது, அதுவும் ‘ஈடு இணையற்ற ஜேம்ஸ் ஜேமர்சன்’ என்று. அந்தத் தலைப்புப் பாட்டின் பதிவைப் பற்றி ஒரு கதை உண்டு. மார்வின் கே அவரை ஒரு கிளப்பிலிருந்து அழைத்து வந்தபோது உட்கார முடியாத அளவுக்குக் குடித்திருந்தாராம். தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு வாசித்தாராம். இசைக்கோர்ப்பாளர் டேவிட் வான் டிபிட் எழுதி வைத்த குறிப்பு முன்னால் இருந்தது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் குடியைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். நான் வேறு இடத்தில் நிற்கிறேன். மல்லாக்கப் படுத்தால் இரண்டு கைகளின் கோணமும் மாறிவிடும், பழகிய தசை எதுவும் உதவாது. அந்த உயர ஆக்‌ஷனில், அந்தக் கம்பியில், அப்படிப் படுத்துக்கொண்டு அந்த வரியை வாசிக்க முடிந்ததென்றால் கருவியோடு அவருக்கிருந்த பழக்கம் எவ்வளவு ஆழம் என்று யோசித்துப் பாருங்கள். அதே தொகுப்பில் ‘மெர்சி மெர்சி மீ’, ‘இன்னர் சிட்டி புளூஸ்’ இரண்டிலும் வாசித்தது மோட்டவுனின் இன்னொரு பேஸ் கலைஞர் பாப் பாபிட் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நல்ல மோட்டவுன் பேஸ் எல்லாவற்றையும் ஜேமர்சன் கணக்கில் எழுதுவது பாபிட்டுக்குச் செய்யும் அநியாயம்.

1972-இல் மோட்டவுன் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனது. அடுத்த வருடம் அவரும் போனார். காலம் மாறிக்கொண்டிருந்தது. கட்டை விரலால் கம்பியை அறைந்து வாசிக்கும் பாணி பரவியது. ஸ்டுடியோக்களில் ரவுண்ட்வவுண்ட் கம்பியின் பளிச்சென்ற ஒலியைத்தான் கேட்டார்கள். 1974 வாக்கில் ஒரு பதிவில் அவரையும் புதுக் கம்பிக்கு மாறச் சொன்னார்கள். மரியாதையாக மறுத்துவிட்டார். வாய்ப்புகள் குறைந்தன. குடி ஏற்கெனவே உடம்பைத் தின்றுகொண்டிருந்தது. அவர் பிடிவாதம் பிடித்ததால் பின்தங்கினார் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 1976-இல் மர்லின் மக்கூவும் பில்லி டேவிஸும் பாடிய ‘யூ டோன்ட் ஹேவ் டு பி எ ஸ்டார்’ பாட்டில் பேஸ் அவருடையது. அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் வரை போனது. ஆகவே அந்தக் கம்பிக்குக் காலம் முடிந்துவிட்டது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஜாஸ் பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் கையிலிருந்ததும் ஒரு 1962 ஃபெண்டர்தான், ஜாஸ் பேஸ். அவர் அதன் ஃப்ரெட்டுகளை எல்லாம் பிடுங்கி, பலகைக்கு எபாக்ஸி பூசி, ரவுண்ட்வவுண்ட் கம்பி போட்டார். சுரம் பாடகர் குரல் போல நீண்டு வழுக்கியது. டபுள் பேஸில் ஃப்ரெட் இல்லை என்பதை ஜாகோ எடுத்துக்கொண்டார். அதன் குட்டையான, மரத்தன்மையுள்ள அடியை ஜேமர்சன் எடுத்துக்கொண்டார். ஒரே மூல வாத்தியத்தின் இரண்டு வாரிசுகள் இவ்வளவு தூரம் விலகி நிற்பது பேஸ் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஃபங்க் மெஷினும் கடைசியில் திருட்டுப் போனது. 1983-இல், அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு. ஆகஸ்ட் 2-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார், வயது 47. உடலை டெட்ராய்ட்டுக்குக் கொண்டுவந்து உட்லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பின்னணிக் கலைஞர்களுக்கென்று ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 2000-இல் புதிதாக ஒரு பிரிவு தொடங்கியபோது, முதல் வரிசையிலேயே அவர் பெயர் இருந்தது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அறுபதுகளின் ஃபெண்டர் வாங்கப் பணம் திரட்டாதீர்கள். உடலும் பிக்கப்பும் இதில் சின்னப் பங்குதான். நடுவில் ஒரு ஸ்ப்ளிட் காயில் பிக்கப், அதாவது இரண்டு துண்டாகப் பிரித்து வைத்த பிக்கப், உள்ள எந்த நல்ல பிரிசிஷன் வகை பேஸும் போதும். முதல் செலவு கம்பிக்கு, ஃப்ளாட்வவுண்ட் போடுங்கள். .052 முதல் .110 வரையுள்ள அதே லா பெல்லா செட் இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் அதற்குப் போக வேண்டாம். இழுவிசை அதிகம், நெக் முன்பக்கம் வளையும், நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகிச் சரிசெய்ய வேண்டியிருக்கும், நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டிலுள்ள பள்ளங்களில் தடித்த கம்பி உட்காராமலும் போகலாம். இதையெல்லாம் கை பழகிய ஒரு கிட்டார் ரிப்பேர்க்காரரிடம் விடுங்கள். .045 அளவு ஃப்ளாட்வவுண்டில் தொடங்கினாலே பாதி தூரம் வந்துவிடுவீர்கள்.

இரண்டாவது செலவு அநேகமாக ஒன்றுமில்லை. பாத்திரம் தேய்க்கும் மிருதுவான ஸ்பாஞ்சில் ஒரு கீற்று வெட்டி, பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். கம்பியை அது மேலே தள்ளக் கூடாது, தொட்டுக்கொண்டிருந்தால் போதும். அதிகம் அமுக்கினால் சுரமே தெரியாமல் கட்டைச் சத்தம் வரும், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பாருங்கள். டோன் திருகை அவர் முழுசாகத் திறந்து வைத்தார் என்பதற்காக நீங்களும் வைக்க வேண்டாம். அவருடைய கம்பிகள் பல வருட அழுக்கு ஏறியவை, உங்களுடையவை புதியவை. பாதிக்கும் கீழே இறக்கிவிட்டு, கம்பி பழசாகப் பழசாகத் திறந்துகொண்டே வாருங்கள். வீட்டில் பதிவு செய்கிறவர் என்றால் லேசான டியூப் ஓவர்டிரைவும் (சிக்னலைக் கொஞ்சம் மிஞ்சவிடும் கரகரப்பு) மிதமான கம்ப்ரஷனும் (ஓங்கிய, மெல்லிய ஒலிகளின் ஏற்றத்தாழ்வைக் குறைப்பது) சேருங்கள். தனியாகக் கேட்டால் கரகரப்பு தெரியும், டிரம்ஸோடு சேர்ந்தால் தெரியாது. அந்த அளவுதான் சரி.

கம்பியை மாற்றவே கூடாதா என்றால், ஃப்ளாட்வவுண்டைப் பொறுத்தவரை வருடக்கணக்கில் வைத்திருக்கலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தும் சுரம் திறந்த கம்பியின் சுரத்தோடு சேராமல் விலகி, பிரிட்ஜைத் திருகியும் சரியாகவில்லை என்றால் அந்தக் கம்பியை மட்டும் மாற்றுங்கள். ஆக்‌ஷனை அவரைப் போல உயர்த்தாதீர்கள். டபுள் பேஸ் பழகாத மணிக்கட்டு அதைத் தாங்காது, வலி வந்தால் மாதக்கணக்கில் வாசிப்பை நிறுத்த நேரும்.

ஒற்றை விரலுக்கு ‘மை கேர்ள்’லில் தொடங்குங்கள். மெதுவாக, ஒவ்வொரு சுரமும் ஒரே கனத்தில் விழும்வரை. அது கைக்கு வந்த பிறகு சுப்ரீம்ஸின் ‘யூ கான்ட் ஹரி லவ்’. ‘பெர்னடெட்’டை அதற்கப்புறம் தொடலாம், அதிலும் முதலில் திறந்த கம்பிகள் எங்கெங்கே வருகின்றன என்று மட்டும் குறித்துக்கொண்டு.